பாதி பார்த்தேன்: பிரெஞ்சுப் படங்களைப் பரிந்துரைத்துப் பார்த்த எட்டு மாதம்

"நல்ல படமா ஒண்ணு சொல்லு" என்று யாராவது கேட்டுவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது. ஐந்து படம், பத்துப் படம் என்று அடுக்குவேன். இயக்குநர் பெயர், வந்த வருடம், எந்தக் காட்சியில் கேமரா எங்கே நின்றது என்பது வரை சொல்வேன். கேட்டவர் தலையாட்டிக்கொண்டே நகர்ந்துவிடுவார். ஒரு மாதம் கழித்து விசாரித்தால் "பாதி பார்த்தேன்" என்பார். பாதி பார்த்தேன் என்றால் பார்க்கவில்லை என்று அர்த்தம். இது புரியவே எனக்குப் பல வருடம் ஆனது.

அதனால் ஒரு சோதனை. ஓர் ஆளுக்கு ஒரு நேரத்தில் ஒரே படம். நோட்டில் நான்கு கட்டம்: யாருக்கு, எந்தப் படம், என்ன சொல்லிக் கொடுத்தேன், எங்கே நிறுத்தினார்கள். எல்லாம் பிரெஞ்சுப் படங்கள். எனக்கு அந்தப் பைத்தியம் 'தீபன்' பார்த்துத்தான் பிடித்தது. ழாக் ஓதியார் எடுத்தது, 2015-இல் கான் திரைப்பட விழாவில் முதல் பரிசான தங்கப்பனை விருதை வாங்கியது. இலங்கையிலிருந்து தப்பி பிரான்சுக்குப் போகும் மூன்று பேரின் கதை. ஷோபாசக்தி நாயகனாக நடித்தார், பேச்சில் பெரும்பகுதி தமிழ். ஒரு பிரெஞ்சுப் படத்தை இவ்வளவு தூரம் காதாலேயே புரிந்துகொண்டு பார்த்ததில் ஒரு தைரியம் வந்துவிட்டது. அப்புறம் அங்கிருந்து பின்னோக்கி, அறுபதுகள், ஐம்பதுகள் என்று போய்க்கொண்டே இருந்தேன்.

முதல் மாதம்

ஆரம்பமே சறுக்கல். அக்காவுக்கு ரொபேர் ப்ரெஸ்ஸோனின் 1966 படமான 'ஓ அஸார் பல்தஸார்' கொடுத்தேன். ஒரு கழுதை கைமாறிக் கைமாறிப் பல மனிதர்களிடம் போகிற கதை. கொடுக்கும் முன் இருபது நிமிடம் விளக்கம் வேறு. ப்ரெஸ்ஸோன் தொழில்முறை நடிகர்களைத் தவிர்ப்பார், தன் படத்தில் வருபவர்களை 'மாடல்கள்' என்றுதான் சொல்வார், முகத்தில் ஒட்டியிருக்கும் நடிப்பு உதிரும்வரை ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார், இப்படி. அக்கா முழுதாகப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "கழுதை நல்லா நடிச்சிருக்கு. மத்தவங்கதான் நடிக்கவே இல்ல" என்றாள்.

ப்ரெஸ்ஸோன் கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். நான்தான் கோபித்துக்கொண்டு, இருபது நிமிட விளக்கத்தை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அக்கா அதற்கப்புறம் இரண்டு மாதம் என்னிடம் படமே கேட்கவில்லை. நோட்டில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்: படத்துக்கு முன்னால் இரண்டு வாக்கியம், பின்னால் அவர்கள் கேட்டால் மட்டும்.

அடுத்தது நண்பன் ஒருவன். சிரிக்கிற மாதிரி படம் கேட்டான். ழாக் தாத்தியின் 'ப்ளேடைம்', 1967. தாத்தி இந்தப் படத்துக்காகக் கண்ணாடிக் கட்டடங்களும் தெருக்களுமாக ஒரு நகரத்தையே செட் போட்டார். 'தாத்திவில்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. செலவு கையை மீறி, கடனில் மூழ்கிப் போனார். படம் எழுபது மில்லிமீட்டரில் எடுத்தது. யார் முகத்துக்கும் கேமரா கிட்டே போகாது. ஒரே சட்டத்துக்குள் (ஃப்ரேமுக்குள்) இந்த மூலையில் ஒரு வேடிக்கை, அந்த மூலையில் ஒரு வேடிக்கை என்று நடந்துகொண்டிருக்கும், நாம்தான் தேடிப் பிடிக்க வேண்டும். நண்பன் இதை ரயிலில், போனில் பார்த்திருக்கிறான். "எல்லாரும் எறும்பு மாதிரி போய்ட்டு வர்றாங்க" என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. எதில் பார்க்கப் போகிறாய் என்று நான் கேட்டிருக்க வேண்டும். நோட்டில் ஐந்தாவது கட்டம் போட்டேன்: திரை.

மூன்றாவது மாதம், மச்சான்

அக்காவின் கணவருக்கு பிரெஞ்சுப் படம் என்றாலே கொட்டாவி. "ஒருத்தன் ஜன்னல் வழியா வெளிய பார்ப்பான், ஒரு மணி நேரம் ஓடிரும்" என்பது அவர் விமர்சனம். நான் வாதாடவில்லை. "மச்சான், நீங்க ஏற்கனவே ரெண்டு பிரெஞ்சுக் கதை பார்த்தாச்சு" என்றேன். 'தூங்காவனம்' 2011-இல் வந்த ஒரு பிரெஞ்சு த்ரில்லரின் மறுஆக்கம். 'தோழா'வின் மூலம் அதே வருடம் வந்த 'ஆன்தூஷாப்ல்'. இரண்டுமே அவருக்குப் பிடித்த படங்கள். கொஞ்சம் இறங்கி வந்தார்.

அன்றே அன்ரி-ஜார்ஜ் க்ளூசோவின் 'லெ தியாபோலிக்', 1955. நான் சொன்னது இவ்வளவுதான்: ஒரு விடுதிப் பள்ளி, கொடுமைக்காரத் தலைமையாசிரியர், அவருடைய மனைவியும் காதலியும் கூட்டுச் சேர்ந்து அவரைக் கொல்லத் திட்டமிடுகிறார்கள். அதற்கு மேல் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப் போவதில்லை. படம் முடிந்ததும் திரையில் ஓர் அறிவிப்பு வரும். பேய்த்தனம் பண்ணாதீர்கள், உங்கள் நண்பர்களின் சுவாரசியத்தைக் கெடுக்காதீர்கள், நீங்கள் பார்த்ததை அவர்களிடம் சொல்லாதீர்கள் என்று. கதையைப் போட்டு உடைக்காதீர்கள் என்று 1955-லேயே கைகூப்பிக் கேட்டிருக்கிறார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு மச்சானிடமிருந்து போன். "மாப்ள, முடிவு என்னன்னு உங்க அக்கா கேட்கிறா. நான் சொல்ல மாட்டேன்னுட்டேன்." அந்த ஒரு போனுக்காகவே இந்த நோட்டைத் தொடங்கியது தகும் என்று தோன்றியது.

சூட்டோடு சூடாக அதே க்ளூசோவின் 1953 படம், 'பயத்தின் கூலி'. எரிகிற எண்ணெய்க் கிணற்றை அணைக்க இரண்டு லாரி நிறைய நைட்ரோகிளிசரின், ஓட்ட நான்கு பேர், குண்டும் குழியுமான மலைப்பாதை. சிக்கல் என்னவென்றால் லாரி கிளம்பவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அதை முன்கூட்டியே சொல்லலாமா கூடாதா? சொன்னால் "அப்போ ஓட்டிவிட்டுப் பார்க்கிறேன்" என்பார்கள். சொல்லாவிட்டால் அரை மணியில் நிறுத்துவார்கள். "லாரி கிளம்புறதுக்குள்ள அந்த நாலு பேரையும் நல்லாத் தெரிஞ்சு வச்சுக்கோங்க, அப்புறம் தேவைப்படும்" என்று சொல்லிப் பார்த்தேன். வேலை செய்தது. இது என் சொந்தக் கண்டுபிடிப்பு, கொஞ்சம் பெருமை உண்டு.

சித்தப்பாவும் சப்டைட்டிலும்

சித்தப்பாவுக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஆனால் வயது எழுபது தாண்டியதில், வரி வந்து மறைகிற வேகத்துக்குக் கண் ஓடவில்லை. எரிக் ரோமரின் 'மோதின் வீட்டில் என் இரவு' கொடுத்துச் சொதப்பினேன். பேச்சு, பேச்சு, பேச்சு. "படம் பார்த்த மாதிரி இல்ல, தந்தி படிச்ச மாதிரி இருக்கு" என்றார்.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. எஸ்ஆர்டி சப்டைட்டில் கோப்பைச் சாதாரண நோட்பேடில் திறந்தால் ஒவ்வொரு வரித்தொகுதிக்கும் வரிசை எண் இருக்கும். கடைசி எண்ணைப் படத்தின் நிமிடங்களால் வகுத்தால், நிமிடத்துக்கு எத்தனை முறை கண் கீழே இறங்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இந்தக் கணக்கில் ரோமர் படங்கள் மேலே, மெல்வில் என்ற இயக்குநரின் படங்கள் கீழே. சித்தப்பாவுக்குக் கீழே இருந்து தொடங்கினேன்.

முதலில் அல்பேர் லாமோரிஸின் 'சிவப்பு பலூன்', 1956. முப்பத்தைந்து நிமிடம்கூட இல்லை, பேச்சு சொற்பம். பாரீஸ் தெருக்களில் ஒரு சிறுவனின் பின்னாலேயே நாய்க்குட்டி மாதிரி போகும் பலூன். சிறுவன் இயக்குநரின் சொந்த மகன். இவ்வளவு குறைவாகப் பேசுகிற படத்துக்குச் சிறந்த அசல் திரைக்கதைக்கான ஆஸ்கர் கொடுத்தார்கள். சித்தப்பா மூன்று முறை பார்த்தார்.

பிறகு ழான்-பியேர் மெல்விலின் 'லெ சாமுராய்', 1967. முதல் பத்து நிமிடம் கிட்டத்தட்ட வசனமே கிடையாது. அலென் தெலோன் படுக்கையில் கிடக்கிறார், கூண்டில் ஒரு குருவி கத்துகிறது, எழுந்து கண்ணாடி முன் தொப்பியின் விளிம்பை விரலால் ஒரு தடவு தடவி வெளியே போகிறார். "ஒரு ஆள் தொப்பி போடுறத இவ்வளவு நேரம் பார்த்தேன், சலிக்கல" என்று சித்தப்பா ஆச்சரியப்பட்டார். இப்போது அவருக்கு தெலோன் பெயர் கிடையாது, தொப்பிக்காரன்தான்.

சப்டைட்டில் பற்றி இன்னொன்று. ஆரம்பத்தில் சரியாக ஓடி, போகப் போக விலகினால், நொடியை முன்பின் தள்ளிப் பயனில்லை. படம் நொடிக்கு 24 சட்டத்தில் எடுத்தது, ஐரோப்பியத் தொலைக்காட்சிப் பிரதி 25-இல் ஓடும். நூறு நிமிடப் படம் தொண்ணூற்றாறில் முடிந்துவிடும். சப்டைட்டிலின் வேகத்தையும் அதே விகிதத்தில் மாற்றினால்தான் பொருந்தும். இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வீணடித்தேன்.

ஐந்தாவது மாதம், ஒரு தவறு

இதை எழுதலாமா என்று யோசித்தேன். ஒரு தோழிக்கு ஆன்யெஸ் வர்தாவின் 'க்ளியோ 5 முதல் 7 வரை' கொடுத்தேன். 1962. ஒரு பாடகி மருத்துவப் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்கிறாள், அந்தக் காத்திருப்புதான் படம். கதையில் ஓடும் நேரமும் படம் ஓடும் நேரமும் ஏறக்குறைய ஒன்று. தலைப்பில் ஏழு மணி என்று இருந்தாலும் படம் ஆறரைக்கே முடிந்துவிடும். இதையெல்லாம் உற்சாகமாகச் சொல்லித்தான் கொடுத்தேன். அந்த வாரம் அவளே ஒரு ஸ்கேன் முடிவுக்காகக் காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாது. இருபதாவது நிமிடத்தில் நிறுத்திவிட்டாள். காரணம் சொல்லவில்லை. நான் வேறு "எங்கே நிறுத்தினே?" என்று நோட்டுக்காகத் துருவித் துருவிக் கேட்டேன்.

முடிவு நல்லபடியாகவே வந்தது. இரண்டு மாதம் கழித்து அவளாகவே மீதியைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "விக்கைக் கழட்டிப் போட்டுட்டு அவ தெருவுல நடப்பா இல்ல, எதிர்ல வர்றவங்க எல்லாம் அவளையே பார்ப்பாங்க. நிஜமா அப்படித்தான் இருக்கும்." வர்தாவைப் பற்றி எவ்வளவோ படித்திருக்கிறேன். அந்தக் காட்சி இப்போது எனக்கு இந்த வாக்கியத்தோடுதான் நினைவுக்கு வருகிறது.

பின்னால் வந்த மாதங்கள்

மச்சானுக்குத் த்ரூஃபோவின் '400 அடிகள்', 1959. "எண்ணிட்டே இருந்தேன் மாப்ள, நாலஞ்சு அறைக்கு மேல விழல" என்றார். அது பிரெஞ்சு மரபுத்தொடர், போடாத ஆட்டமெல்லாம் போடுவது என்று பொருள். ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததில் அடியாகிவிட்டது. கடற்கரையில் சிறுவனின் முகம் உறைந்து நிற்பதோடு படம் முடிவதில் அவருக்குத் திருப்தியில்லை. அதே பையனை, அதே நடிகர் ழான்-பியேர் லெயோவை வைத்து, 1979 வரை இன்னும் நான்கு படம் வந்தது என்றேன், அதில் ஒன்று குறும்படம். "அப்போ சீரியல்னு முதல்லயே சொல்ல வேண்டியதுதானே?"

அலுவலகத் தோழி ஒருவருக்குக் கொதாரின் 'மூச்சுத் திணற'. காட்சிக்கு நடுவே நடுவே வெட்டியிருப்பது தேய்ந்த பிரிண்ட் மாதிரி இருக்கிறது என்றார். படம் நீளமாகிப் போனதால் காட்சிகளைத் தூக்காமல் உள்ளுக்குள்ளேயே வெட்டினார் கொதார் என்று காரணம் சொன்னேன். "காரணம் தெரிஞ்சா பிடிக்கணுமா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பதிலுக்கு அவர் எனக்கு ஒரு படம் சொன்னார்: செலின் சியாமாவின் 'பெதீத் மமோன்', 2021, வெறும் 72 நிமிடம். எட்டு வயதுச் சிறுமி காட்டில் தன் வயதிலேயே இருக்கும் தன் அம்மாவைச் சந்திக்கிறாள். அவ்வளவுதான் சொன்னார், ஒன்றரை வாக்கியம். அன்றிரவே பார்த்தேன். என் இருபது நிமிட விளக்கமெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாக இருந்தது.

அப்போதுதான் நோட்டில் ஆறாவது கட்டம் போட்டேன்: அவர்கள் எனக்குச் சொன்ன படம். இதுவரை நான்கு சேர்ந்திருக்கின்றன. ஒன்று சித்தப்பா சொன்னது, மூன்று மணி நேரப் பழைய படம், பாட்டு மட்டும் பன்னிரண்டாம். போன வாரம் போன் செய்து பார்த்தாயா என்று கேட்டார்.

"பாதி பார்த்தேன் சித்தப்பா" என்றேன்.