ஆல்கோ சத்தம் கேட்க வேண்டுமென்றால் முதலில் ஒயரிங்

என்னிடம் பலகையில் ஓடும் எச்ஓ அளவு (நிஜத்தில் 87இல் ஒரு பங்கு) மாடல் ரயில் இருக்கிறது. அதை டிசியிலிருந்து (தண்டவாள வோல்டேஜை ஏற்றி இறக்கி வேகத்தை மாற்றும் பழைய முறை) டிசிசிக்கு (தண்டவாளம் வழியாகவே எஞ்சினுக்கு டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) மாற்றியதற்கு ஒரே காரணம் சத்தம். ஈரோடு, பொன்மலை ரயில் ஷெட்களின் டபிள்யூடிஎம்-2 டீசல் எஞ்சின்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரியும். சும்மா நிற்கும்போதே ஒழுங்கில்லாமல் தடதடக்கும். நாட்ச் (எஞ்சின் திறனைக் கூட்டும் படி) ஏற்றினால் முதலில் கரும்புகை, அப்புறம்தான் டர்போ விழித்துக்கொண்டு கூவ ஆரம்பிக்கும். உள்ளே இருப்பது அமெரிக்க ஆல்கோ நிறுவனத்தின் 251 வகை டீசல்: 16 சிலிண்டர், 2600 குதிரைத்திறன். முதல் எஞ்சின்கள் 1962இல் அமெரிக்காவிலிருந்து வந்தன, 1964 முதல் வாரணாசியிலேயே செய்தார்கள். அதனால் டபிள்யூடிஎம்-2 மாடல் கையில் இல்லாவிட்டாலும், அமெரிக்க ஆல்கோவுக்கான ஒலி டிகோடர் (மாடலுக்குள் இருந்து, கட்டளையைப் படித்து மோட்டாரையும் சத்தத்தையும் இயக்கும் சிறு சர்க்யூட்) போட்டால் நம் ஊர்க் காதுக்கும் அது பொருந்தும்.

என்னிடம் இருப்பது ஆர்எஸ்-11 என்ற அமெரிக்க ஆல்கோ எஞ்சினின் பழைய டிசி மாடல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நிஜ ஆர்எஸ்-11இல் இருந்தது 12 சிலிண்டர் 251. நான் கடையில் சொல்லி ஏற்றி வாங்கியது 16 சிலிண்டர் ஒலிக்கோப்பு. எல்லாம் அச்சு அசலாக இருக்க வேண்டும் என்பவர்கள் முகம் சுளிக்கலாம். நம் அகலப்பாதை 1676 மில்லிமீட்டர், 1:87 அளவில் அது 19 மில்லிமீட்டருக்கு மேல் வர வேண்டும், எச்ஓ தண்டவாளமோ 16.5 மில்லிமீட்டர்தான். அதையே பொறுத்துக்கொள்கிறோம், நாலு சிலிண்டர் கூடினால் என்ன?

தண்டவாளத்துக்குக் கட்டளைகளை அனுப்பும் கமாண்ட் ஸ்டேஷனுக்குப் பெரிதாகச் செலவழிக்கவில்லை. சென்னை ரிச்சி தெருவில் ஒரு ஆர்டுயினோ மெகா (சிறு கணினிப் பலகை), அதன்மேல் பொருத்த ஒரு மோட்டார் ஷீல்டு (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பலகை). மென்பொருள் டிசிசி-இஎக்ஸ், இலவசம், திறந்த மூலம். பழைய லேப்டாப்பில் ஜேஎம்ஆர்ஐ என்ற மாடல் ரயில் மென்பொருள் ஓடுகிறது, போனில் எஞ்சின் டிரைவர் செயலி. லேப்டாப் வழியாக வைஃபையில் போனே த்ராட்டில் (வேகக் கட்டுப்பாடு) ஆகிவிடுகிறது. ஷீல்டில் இருக்கும் எல்298 சிப் தனக்கென்று ஏறக்குறைய 2 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். அதனால் 15 வோல்ட் சப்ளை கொடுத்தால் தண்டவாளத்துக்கு 13 சொச்சம் வரும், எச்ஓவுக்கு அது போதும். ஷீல்டின் அடியில் இருக்கும் விஇன் இணைப்பை வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் தண்டவாளத்துக்கான வோல்டேஜ் ஆர்டுயினோவுக்குள்ளும் போகும்.

இனி ஒயரிங். இந்த வேலையில் பாதிக்கு மேல் இதுதான்.

டிசியில் தண்டவாளத்தில் ஓர் இடம் அழுக்காக இருந்தால் எஞ்சின் லேசாகத் தயங்கும். மோட்டாரின் ஃபிளைவீல் இழுத்துக்கொண்டு போய்விடும், நமக்குத் தெரியவே தெரியாது. ஒலி டிகோடரிடம் அந்தக் கதை நடக்காது. கண் இமைக்கும் நேரம் கரண்ட் விட்டுப்போனாலும் டிகோடர் மறுபடி முதலிலிருந்து தொடங்கும்: சத்தம் நிற்கும், ஸ்டார்ட் ஆகும் ஒலி வரும், எஞ்சின் நின்று யோசிக்கும். டிசியில் நன்றாக ஓடியதாக நினைத்த பாதையில் எத்தனை ஓட்டை என்பதைச் சத்தம் ஊருக்கே சொல்லிவிடும்.

பலகை 8 அடிக்கு 4 அடி, ஒரு வட்டப்பாதை, ஒரு லூப், இரண்டு சைடிங். பலகையின் அடியில் 1.5 ஸ்கொயர் எம்எம் வீட்டு ஒயரையே பஸ் லைனாக (முக்கிய மின்வழியாக) ஓட்டினேன், ஒரு தண்டவாளத்துக்குச் சிவப்பு, இன்னொன்றுக்குக் கறுப்பு. மூன்றடிக்கு ஒன்றாக, பஸ் லைனிலிருந்து மெல்லிய ஃபீடர் ஒயர் தண்டவாளத்தின் வெளிப்பக்கத்தில் சால்டர் ஆகிறது. தண்டவாளத் துண்டுகளைச் சேர்க்கும் இணைப்புத் தகடுகளை நான் கரண்ட் கடத்தும் பொருளாகக் கணக்கிலேயே எடுப்பதில்லை. இன்று கடத்தும், அடுத்த மழைக்காலத்தில் கறுத்துப்போகும். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் அதற்கென்று ஒரு ஃபீடராவது வேண்டும். சால்டரிங் அயர்ன் நல்ல சூட்டில் இருந்து, வேலை சட்டென்று முடிந்தால் பிளாஸ்டிக் ஸ்லீப்பர் உருகாது. தயங்கித் தயங்கி வைத்தால்தான் உருகும்.

சோதனைக்கு மல்டிமீட்டரை முழுதாக நம்ப முடியாது. டிசிசி அலை நேர்-எதிராக மாறிக்கொண்டே இருக்கும் சதுர அலை. '1' என்ற பிட்டுக்கு ஒவ்வொரு பாதியும் 58 மைக்ரோ நொடி, '0'வுக்கு 100 மைக்ரோ நொடியோ அதற்கு மேலோ. சாதாரண மீட்டரின் ஏசி அளவு 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தது, இந்த வேகத்தில் அது காட்டுவது உத்தேசக் கணக்குதான். ஓர் இடத்தையும் இன்னோர் இடத்தையும் ஒப்பிட உதவும், அவ்வளவே. நம்பகமான சோதனை நாணயம். பாதையின் ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு தண்டவாளத்தையும் சேர்த்து ஒரு நாணயத்தை வைக்க வேண்டும். உடனே கமாண்ட் ஸ்டேஷன் ட்ரிப் ஆனால் அங்கே ஒயரிங் சரி. ஆகவில்லையென்றால் வழியில் எங்கோ மின்தடை அதிகம், நிஜமாக ஷார்ட் ஆகும் நாளில் அந்த இடம் சூடாகி எரியும். என் பலகையில் லூப்பின் தூர மூலை இதில் தேறவில்லை. கூடுதலாக ஒரு ஃபீடர் போட்டதும் சரியானது.

எஞ்சினைத் திறந்ததும் பார்க்க வேண்டியது மோட்டார். பழைய டிசி மாடல்களில் மோட்டாரின் ஒரு பிரஷ் (மோட்டாருக்குள் கரண்ட் கொடுக்கும் முனை) உலோகச் சட்டத்தோடு தொட்டுக்கொண்டிருக்கும், சட்டம் சக்கரத்தோடு. இப்படியே டிகோடர் போட்டு மின்சாரம் கொடுத்தால் டிகோடர் போய்விடும். இங்கே மீட்டர் உண்மையிலேயே பயன்படும்: இரண்டு பிரஷில் எதற்கும் சட்டத்தோடோ சக்கரத்தோடோ எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. பிறகு வண்ண ஒயர்கள். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து, ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு, வெள்ளை முன்விளக்கு, மஞ்சள் பின்விளக்கு, நீலம் பொது நேர்மின். இந்த வண்ண முறை அமெரிக்க மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ வகுத்தது. பழைய பல்புகளைக் கழற்றி எல்இடி போட்டேன், ஒவ்வொன்றுக்கும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்.

ஸ்பீக்கர் 11க்கு 15 மில்லிமீட்டர், சர்க்கரைக்கட்டி அளவு. சும்மா வைத்தால் கொசு கத்துவது போல இருக்கும். முன்பக்கமும் பின்பக்கமும் எழும் அலைகள் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. பின்பக்கம் சிறு பெட்டி வைத்துக் காற்றுப் புகாமல் அடைத்தால், அதே ஸ்பீக்கர் வேறு ஆள் ஆகிவிடுகிறது. ஓட்டை எங்கேயாவது இருந்தால் விரலால் மூடிப் பாருங்கள், அடித்தொனி கூடுவது காதுக்கே தெரியும்.

எஞ்சினின் முகவரியை (கட்டளை எந்த எஞ்சினுக்கு என்று சொல்லும் எண்) மாற்ற முயன்றபோது டிகோடர் பதில் சொல்லவில்லை. டிகோடர் 'ஆமாம்' சொல்வது எப்படியென்றால், மோட்டாரை ஒரு துளி இயக்கி, சுமார் 6 மில்லி நொடிக்கு 60 மில்லியாம்பியர் கூடுதலாக இழுக்கும். அதைத்தான் கமாண்ட் ஸ்டேஷன் பார்க்கிறது. மெல்லிய மோட்டார்கள் அவ்வளவு இழுப்பதில்லை. டிசிசி-இஎக்ஸில் அந்த வரம்பை 30க்குக் குறைத்ததும் படித்துவிட்டது. வழக்கமான முகவரி 3ஐ மாற்றிவிட்டு, வேகம் கூடும், குறையும் நிதானத்தைத் தீர்மானிக்கும் சிவி 3, சிவி 4 (சிவி என்பது டிகோடரின் அமைப்பு எண்) இரண்டையும் நன்றாக ஏற்றினேன். வேகம் கூடுவதும் குறைவதும் மெதுவாக நடந்தால்தான் சத்தத்துக்குப் பொருள் இருக்கிறது. சத்தம் முதலில் உறுமி, வண்டி அப்புறம் நகர வேண்டும். மொத்த ஒலியைச் சிவி 63இல் பாதிக்கும் கீழே வைத்தேன். எச்ஓ எஞ்சின் வீட்டையே அதிரவைப்பதில் எனக்கு விருப்பமில்லை. எட்ட நின்று கேட்பது போல இருந்தால் போதும்.

இப்போது வட்டப்பாதையில் நிற்காமல் ஓடுகிறது. பாதை பிரியும் பாயிண்ட்டுகளின் பிளாஸ்டிக் ஃப்ராகில் (தண்டவாளங்கள் குறுக்கிடும், கரண்ட் இல்லாத துண்டு) மட்டும், மிக மெதுவாகப் போனால், ஒரு விக்கல் வருகிறது. அந்த நேரத்துக்குக் கரண்ட் சேமித்துத் தரும் கெப்பாசிட்டர் பேக் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், ஆர்எஸ்-11இன் குறுகிய ஹூட்டுக்குள் (எஞ்சினின் மேல்மூடி) இடம் தேட வேண்டும்.

உறுத்துவது ஹார்ன். எஞ்சின் ஈரோடு என்கிறது, ஹார்ன் அடித்தால் அமெரிக்கா. மணியை அடியோடு அணைத்துவிட்டேன், நம் டீசலில் அது ஏது? ஹார்னை மாற்ற லோக்புரோகிராமர் கருவி வேண்டும், அதன் வழியாக நாமே பதிவு செய்த ஒலியை ஏற்றலாம். கருவி விலை கொஞ்சம் அதிகம். அதை வாங்கும் வரை ஹார்னுக்கான எஃப்2 பொத்தானைத் தொடுவதாக இல்லை.