தொட்டியில் பருத்தி

பிப்ரவரி 2
பஞ்சு ஒட்டிய விதையை அப்படியே ஊன்றினால் ஈரம் சீராக ஏறாது. சாணக் கரைசலில் பிசைந்து நிழலில் உலர்த்தியது. செம்மண் இரண்டு பங்கு, மட்கிய சாண எரு ஒன்று, மணல் ஒன்று. ஆணிவேர்ச் செடி, பிடுங்கி நட்டால் முகம் சுளிக்கும். நேரே 20 லிட்டர் தொட்டியில்தான். தொட்டிக்கு மூன்று விதை, ஓர் அங்குல ஆழம். ஒன்றில் எம்சியு 5 ரகம், மற்றதில் கருங்கண்ணி என்ற நாட்டு ரகம்.

பிப்ரவரி 8
முளைப்பு. விதைத்தோல் தொப்பி கழலாமல் ஒன்று நிற்கிறது. ஈரப்படுத்தி நெகிழ்த்தணும்; இழுத்தால் வித்திலை கிழியும்.

பிப்ரவரி 21
தொட்டிக்கு ஒன்று விட்டு மற்றதைக் கத்தரியால் நறுக்கியாச்சு.

மார்ச் 7
இலை ஓரம் கீழ்நோக்கிச் சுருண்டு மஞ்சளடிக்கிறது. தட்டினால் பச்சைத் துணுக்கு பக்கவாட்டில் ஓடுது: தத்துப்பூச்சி. வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைய கொஞ்சம் சோப்பு. சாயங்காலம், இலையின் அடிப்புறம் நனைய.

மார்ச் 20
சப்பை (பூமொட்டு) வைத்துவிட்டது!

மார்ச் 28
சப்பை கொட்டுகிறது. காலையில் தொட்டியடியில் நாலைந்து. ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். மூன்று பூவடிச் செதில்களும் விரிந்து மஞ்சளாகி, உள்ளே ஓட்டையும் எச்சமும் இருந்தால் புழு. செதில் மூடியபடி காம்போடு சுத்தமாகக் கழன்றிருந்தால் செடியே கைவிட்டது. இன்று விழுந்ததெல்லாம் இரண்டாவது வகை. காய விட்டுக் காய விட்டுத் தண்ணீர் ஊற்றினால் இப்படித்தான். தழைச்சத்து மிஞ்சினாலும் இலைதான் கொழுக்கும், சப்பை நிற்காது. கடலைப் புண்ணாக்குக் கரைசலை நிறுத்தணும். உதிராமல் நிற்க என்ஏஏ என்ற வளர்ச்சி ஊக்கியை 40 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40 பங்கு) அளவில் தெளிக்கச் சொல்வார்கள். அளவு கூடினால் அதுவே உதிர்க்கும். இரண்டு செடிக்கு அது எதற்கு.

மார்ச் 29
இன்றும் கொட்டல்.

ஏப்ரல் 9
எம்சியு 5 பூத்தது. காலையில் வெண்மஞ்சள். கருங்கண்ணி நல்ல மஞ்சள், இதழடியில் கருஞ்சிவப்புக் கண், ஆழ வெட்டிய இலை. அழகுக்கு வளர்ப்பதென்றால் கருங்கண்ணிதான், சந்தேகமே இல்லை.

ஏப்ரல் 10
நேற்றைய வெண்மஞ்சள் இன்று இளஞ்சிவப்பு. பக்கத்திலேயே புதுப் பூ. ஒரே செடியில் இரண்டு நிறம்.

ஏப்ரல் 14
இரண்டும் கலந்துவிடும் என்ற பயம் வேண்டாம். இனமே வேறு: எம்சியு 5-க்குக் குரோமோசோம் 52, கருங்கண்ணிக்கு 26; தானாக ஒட்டாது. அக்கம்பக்கத்தில் அதே இனம் இருந்தால்தான் வம்பு. விதைக்கென ஒதுக்கும் மொட்டை, மலரும் முந்தின மாலை நூலால் நுனி கட்டிவிடணும். பாக்கெட் வீரிய ஒட்டு ரகத்தில் எடுத்த விதை மறுபடி அதேபோல் வராது.

ஏப்ரல் 23
எறும்பு வரிசை. அப்படியென்றால் மேலே மாவுப்பூச்சி. நுனியைக் கிள்ளி எரித்தாச்சு.

மே 6
கத்திரி வெயில். காலை, மாலை இரண்டு வேளையும் தண்ணீர். சப்பை மறுபடி கொட்டுகிறது, பிஞ்சும் சேர்ந்து. பிடித்த காய் மட்டும் கல் மாதிரி.

மே 26
எம்சியு 5 காய் நுனியில் கீறல். சிவப்புப் பருத்திப்பூச்சி அதற்குள் மோப்பம் பிடித்துவிட்டது. விதையை உறிஞ்சும், பஞ்சில் கறை விழும். சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தில் தட்டிவிட்டால் போதும்.

மே 29
இரண்டு காய் வெடித்து நிற்கிறது. பனி காய்ந்தபின் எடுக்கலாம் என்றால், மேற்கே கருக்கிறது. நனைந்தால் பழுப்பேறும். இப்போதே எடுக்கணும்.