மாமியின் வீட்டு உறுதியும் ஒரு முறைப்பாடும்

2024 ஜூன் 9, ஞாயிறு

லண்டன் ஹரோவில் மாமி வாங்கிய பிளாட் இன்னமும் பழைய உரிமையாளரின் பெயரில்தான் இருக்கிறது. வீடு, காணி யாருடையது என்று பதிந்து வைக்கும் லாண்ட் ரெஜிஸ்ட்ரியின் இணையத்தளத்தில் 3 பவுண் கட்டிப் பதிவேட்டை இறக்கிப் பார்த்தேன். சாவி கைக்கு வந்தது போன ஒக்டோபரில். முத்திரை வரி, பதிவுக் கட்டணம் எல்லாவற்றுக்கும், வாங்கும் வேலையைப் பார்த்த சொலிசிட்டர் (சட்டத்தரணி) அப்போதே காசு வாங்கிவிட்டார். வெள்ளிக்கிழமை போன் எடுத்தபோது, "விண்ணப்பம் போட்டாச்சு, அவங்கள்தான் இழுத்தடிக்கிறாங்கள்" என்றார்.

ஜூன் 11, செவ்வாய்

லாண்ட் ரெஜிஸ்ட்ரியிடமே கேட்டாயிற்று. விண்ணப்பம் போட்டது உண்மைதான். ஒரு பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துச் சரியில்லை என்று விளக்கம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். சொலிசிட்டரிடமிருந்து பதில் போகவில்லை. மார்ச்சில் விண்ணப்பத்தையே ரத்துச் செய்துவிட்டார்கள். அப்படியென்றால் வெள்ளிக்கிழமை எனக்குச் சொன்னது என்ன?

மாமிக்கு முறைப்பாடு செய்ய மனமில்லை. "எங்கட ஊர்ப் பெடியன், பிள்ளை. நாளைக்குக் கோயிலில எப்படி முகத்தில முழிக்கிறது?" என்கிறா. கோயில் மட்டும் காரணமில்லை. பத்திரமெல்லாம் அவரிடம் இருக்கிறது, கோபித்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் விட்டுவிடுவாரோ என்ற பயம். இந்தப் பயத்தை எத்தனை வீடுகளில் பார்த்துவிட்டேன்! காசு கொடுத்து வேலைக்கு வைத்தவரிடமே நம் ஆட்கள் இப்படிப் பயந்து கிடப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஜூன் 15, சனி

மாமி சம்மதித்தா. கடிதம் போய்விட்டது.

சான்சரி லேனில் இருக்கும் லோ சொசைட்டிக்கு எழுதச் சொல்லித்தான் பலரும் சொன்னார்கள். அது இப்போது சொலிசிட்டர்களுக்காகப் பேசுகிற சங்கம். தனிப்பட்ட முறைப்பாட்டை அது விசாரிப்பதில்லை. முதலில் சொலிசிட்டரின் நிறுவனத்துக்கே எழுத வேண்டும். அவர்களுக்கு 8 வாரம். அதற்குள் தீர்க்காவிட்டாலோ பதில் திருப்தியில்லை என்றாலோ, சட்டச் சேவை பற்றிய முறைப்பாடுகளை விசாரிக்கும் லீகல் ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். முறைப்பாட்டை எப்படிக் கையாளுவோம் என்று ஆரம்பத்திலேயே எழுத்தில் தருவது நிறுவனத்தின் கடமை. மாமிக்கு வந்த கடிதத்திலும் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. யாரும் அவவுக்கு வாசித்துச் சொல்லவில்லை.

கடிதத்தில் வசை ஒன்றும் எழுதவில்லை. நடந்ததைத் திகதிவாரியாக எழுதி, நாம் என்ன கேட்கிறோம் என்பதையும் சேர்த்தேன்: அவர்கள் செலவிலேயே பதிவை முடிக்க வேண்டும், கட்டணத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தர வேண்டும், எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஜூலை 21, ஞாயிறு

பதில் இல்லை. ஏன் இத்தனை வாசல்கள் என்று தேடி வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு காலத்தில் எல்லாம் லோ சொசைட்டியின் கையில்தான் இருந்தது. சொலிசிட்டரைப் பற்றிச் சொலிசிட்டர்களிடமே முறையிட வேண்டும். அதன் நிர்வாக சபையிலேயே இருந்த கிளான்வில் டேவிஸ் என்பவர் ஒரு கட்சிக்காரருக்கு 1,97,000 பவுணுக்குப் பில் போட்டார். நீதிமன்றத்தில் அது 67,000 ஆகக் குறைக்கப்பட்டது. முறைப்பாடு போயும் சங்கம் அவர்மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. அந்தக் கட்சிக்காரர் தானே நீதிமன்றம் ஏறி இறங்கி, 1983இல்தான் டேவிஸின் பெயர் சொலிசிட்டர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அந்த அவமானத்தோடு 1986இல் முறைப்பாடுகளுக்கென்று ஒரு பணியகம் வந்தது. 1996இல் அது போய் வேறொன்று வந்தது. பெயர்ப் பலகை மாறியதே தவிர, தேங்கிய கோப்புகள் குறையவில்லை. 2006இல், முறைப்பாடுகளைக் கையாளும் திட்டம் போதாது என்று, மேற்பார்வை ஆணையாளராக இருந்த ஸாஹிதா மன்சூர் லோ சொசைட்டிக்கே அபராதம் விதித்தார்.

அதற்கு முன்பே, 2004இல், சேர் டேவிட் கிளமென்டி தன் அறிக்கையில் சங்கத்தையும் கண்காணிப்பையும் பிரிக்கச் சொல்லியிருந்தார். 2007இல் சொலிசிட்டர்களைக் கண்காணிக்கும் ஒழுங்குமுறை வேலைக்கு எஸ்.ஆர்.ஏ. (சொலிசிட்டர்ஸ் ரெகுலேஷன் ஒதோரிட்டி) தனியாக வந்தது. சேவைக் குறைகளுக்கு 2010 ஒக்டோபரில் லீகல் ஒம்பட்ஸ்மன் திறந்தது. யாரோ விட்டுக்கொடுக்காமல் அலைந்ததால் வந்த வாசல்கள் இவை. மாமிக்கு இந்தக் கதை முழுவதையும் சொன்னேன். "அப்ப நாங்கள் மட்டுமில்லை" என்றா.

ஓகஸ்ட் 12, திங்கள்

8 வாரம் சனிக்கிழமையோடு முடிந்தது. கடைசி நாளில் ஒரு பக்கக் கடிதம் வந்தது: தாமதத்துக்கு லாண்ட் ரெஜிஸ்ட்ரியே காரணம், எங்கள் பக்கம் தவறில்லை. ஒம்பட்ஸ்மனிடம் போகும் உரிமையையும் அதற்கான 6 மாதக் கெடுவையும் இறுதிப் பதிலில் சொல்லியே ஆக வேண்டும். அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இது எனக்குப் பெரிய கோபம். தெரியாதவர்கள் அதோடு விட்டிருப்பார்கள்.

இன்றே ஒம்பட்ஸ்மனுக்கு அனுப்பிவிட்டோம். முறையிடுபவருக்குச் செலவில்லை. நிறுவனத்துக்குத்தான் ஒரு வழக்குக்கு 400 பவுண் கட்டணம் விழலாம்.

நவம்பர் 3, ஞாயிறு

வேலையில் சுணக்கம், பில்லில் குளறுபடி போன்றவை ஒம்பட்ஸ்மனுக்கு. நேர்மையீனம், கட்சிக்காரர் காசில் கை வைப்பது போன்றவை எஸ்.ஆர்.ஏ.க்கு. பெரிய குற்றமென்றால் எஸ்.ஆர்.ஏ. அதைச் சொலிசிட்டர்கள் ஒழுக்காற்றுத் தீர்ப்பாயத்துக்குக் கொண்டுபோகும். பெயரை நீக்கும் அதிகாரம் அங்கே இருக்கிறது. நோயுற்ற நிலக்கரித் தொழிலாளர்களின் இழப்பீட்டுக் காசில் கழித்துக்கொண்ட டொன்காஸ்டர் சொலிசிட்டர்கள் இருவரை 2008 டிசம்பரில் நீக்கியது அந்தத் தீர்ப்பாயம்தான்.

ரத்தான விண்ணப்பத்தை நடந்துகொண்டிருப்பதாகச் சொன்னதை வெறும் சுணக்கம் என்று என்னால் எடுக்க முடியவில்லை. சொலிசிட்டர் என்பவரை உலகத்தின் கடைசி எல்லைவரை நம்பக்கூடியதாக இருக்க வேண்டும் என்று நீதிபதி பிங்கம் பிரபு 1990களின் ஒரு தீர்ப்பில் சொன்னார். எஸ்.ஆர்.ஏ.க்கும் எழுதினேன்.

ஆனால் அங்கேயும் எல்லாம் சரி என்று சொல்ல மாட்டேன். அக்ஸியம் இன்ஸ் என்ற சொலிசிட்டர் நிறுவனத்தில் கட்சிக்காரர்களின் 6 கோடி பவுணுக்கு மேல் காணாமல் போய், 2023 ஒக்டோபரில் எஸ்.ஆர்.ஏ. அதை மூடியது. அதில் எஸ்.ஆர்.ஏ. போதிய அளவு செயற்படவில்லை என்று அதற்கும் மேலே இருந்து கண்காணிக்கும் லீகல் சேர்விசஸ் போர்ட் செய்வித்த ஆய்வு அண்மையில் சொல்லியிருக்கிறது.

2025 மார்ச் 8, சனி

ஒம்பட்ஸ்மன் அலுவலக விசாரணையாளர் மொழிபெயர்ப்பாளரோடு மாமியிடம் பேசினார். நான் பக்கத்தில் இருந்தேன். வாய் திறக்கத் தேவைப்படவில்லை. திகதிகளை மாமி ஒன்றும் பிசகாமல் சொன்னா.

மே 18, ஞாயிறு

விசாரணையாளரின் முடிவு வந்துவிட்டது. நிறுவனம் தன் செலவில் பதிவை முடிக்க வேண்டும், கட்டணத்தில் பாதியைத் திருப்பித் தர வேண்டும், மனவுளைச்சலுக்கு 500 பவுண் கொடுக்க வேண்டும், மன்னிப்புக் கேட்க வேண்டும். ஒம்பட்ஸ்மன் 50,000 பவுண் வரை இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். மாமிக்குக் கிடைத்தது சிறிய தொகைதான். இரண்டு தரப்பும் ஏற்றுக்கொண்டதால் ஒம்பட்ஸ்மனின் இறுதித் தீர்மானம் வரை போகவில்லை. பதிவேட்டில் இப்போது மாமியின் பெயர் இருக்கிறது.

எஸ்.ஆர்.ஏ.யின் பதில் சுருக்கம்: தகவலைக் குறித்து வைத்துக்கொள்கிறோம், இப்போது விசாரணை இல்லை. எனக்கு இது போதாது. பொய் சொன்னது சின்ன விஷயமில்லை.

2023 ஏப்ரலிலிருந்து, நடந்த நாளிலிருந்தோ தெரிய வந்த நாளிலிருந்தோ ஒரு வருடத்துக்குள் ஒம்பட்ஸ்மனிடம் போய்விட வேண்டும். முன்பு 6 வருடம் இருந்தது. ஆங்கிலக் கடிதத்தைப் பிள்ளைகள் வந்து வாசிக்கும்வரை காத்திருக்கிறவர்களுக்கு ஒரு வருடம் போதவே போதாது.

நேற்றுக் கோயிலில் மாமி ஒரு அக்காவைக் கூட்டிவந்தா. விசா விண்ணப்பம் பிந்திப் போய் நிராகரிக்கப்பட்டது போன ஓகஸ்டிலாம். அவவுக்கு அதைச் செய்தவர் சொலிசிட்டரா என்று முதலில் எஸ்.ஆர்.ஏ. பதிவேட்டில் பார்க்க வேண்டும். வெறும் குடிவரவு ஆலோசகர் என்றால், இந்த ஜனவரியில் பெயர் மாறிய குடிவரவு ஆலோசனை அதிகாரசபைக்குத்தான் போக வேண்டும். சொலிசிட்டர் என்றால் ஒரு வருடம் முடிய மூன்று மாதம்கூட இல்லை, அதில் 8 வாரம் நிறுவனத்துக்கே போய்விடும். செவ்வாய்க்கிழமை பின்னேரம் கடிதங்களோடு வரச் சொல்லியிருக்கிறேன்.