எபிரோனில் ஆபிரகாமின் பந்தி

எருசலேமிலிருந்து தெற்கே சுமார் 30 கிலோமீட்டர் தள்ளி, மேற்குக் கரையின் மலைமேல் இருக்கிறது எபிரோன். ஞாயிறு பள்ளியில் ஆபிரகாம் கதை கேட்டு வளர்ந்தவர்கள் வாழ்க்கையில் ஒரு தடவையாவது இங்கே வந்து நிற்கவேண்டும் என்று நினைக்கிறேன்.

கானான் தேசம் முழுவதும் உனக்குத்தான் என்று கடவுள் வாக்குக் கொடுத்த மனிதர் அவர். ஆனால் மனைவி சாராள் 127 வயதில் இறந்தபோது புதைக்கச் சொந்தமாக ஒரு அடி நிலம் இல்லை. "அந்நியனும் பரதேசியும்" என்று தன்னைச் சொல்லிக்கொண்டு ஊர் மக்கள் முன்னால் குனிந்து நிற்கிறார். சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நிலத்துக்காரர் எப்பெரோன் சொன்னாலும் கேட்காமல் 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்து இங்கே எபிரோனில் இருக்கும் மக்பேலா குகையை வாங்குகிறார். ஆதியாகமம் 23 முழுக்க இந்தப் பேரம்தான்.

குகைக்குள் யாரையும் விடுவதில்லை. அதைச் சுற்றி ஏரோது ராஜா எழுப்பிய பெரிய கல் மதில் 2,000 வருஷமாக அப்படியே நிற்கிறது. உள்ளே ஒரு பக்கம் மசூதி, மறுபக்கம் யூதர்களின் ஜெப இடம், இரண்டுக்கும் வாசலும் சோதனைச் சாவடியும் தனித்தனி. 1994 பிப்ரவரியில் தொழுதுகொண்டிருந்த 29 பேரை ஒரு யூதக் குடியேறி சுட்டுக் கொன்றபிறகு வந்த பிரிவினை இது. பட்டுத்துணி போர்த்திய ஆபிரகாமின் நினைவுக் கல்லறையை இரண்டு பக்கத்தாரும் கம்பிவலை வழியாகத்தான் பார்க்கிறார்கள். அவரை அடக்கம் பண்ணியது யூதர்கள் மூதாதையாகக் கொள்ளும் ஈசாக்கும் அரபு மக்கள் மூதாதையாகக் கொள்ளும் இஸ்மவேலும், அவருடைய இரண்டு மகன்களும் சேர்ந்து என்று வேதம் சொல்கிறதே, அதை நினைத்தால் மனசு பதறுகிறது.

அப்புறம் அந்தச் சமையற்கூடம். மசூதிக்குப் பக்கத்தில் இப்ராஹிம் (முஸ்லிம்கள் ஆபிரகாமைச் சொல்லும் பெயர்) பெயரிலேயே நடக்கும் தகியா என்ற அன்னதானக்கூடம். பெரிய அண்டாக்களில் உடைத்த கோதுமைக் கஞ்சி கொதிக்கிறது, பிள்ளைகளும் பெரியவர்களும் பாத்திரத்தோடு வந்து காசில்லாமல் வாங்கிப்போகிறார்கள், ரமலானில் கறியும் உண்டு. பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரோ 1047-ல் வந்தபோதே, வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு ரொட்டி, ஆலிவ் எண்ணெயில் சமைத்த பருப்பு ஒரு கிண்ணம், உலர்திராட்சை எல்லாம் கொடுத்தார்கள், சில நாள் 500 பேர்கூட வருவார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார். ஆபிரகாம், எபிரோனுக்குப் பக்கத்து மம்ரேயில் வெயில் நேரத்தில் வந்த முன்பின் தெரியாத மூன்று பேரை ஓடிப்போய் வரவேற்று, சாராளை அப்பம் சுடச்சொல்லி, நல்ல இளங்கன்றைச் சமைத்துப் பரிமாறியவர் அல்லவா! என்னைக் கேட்டால் மதிலைவிட இந்த அடுப்புதான் ஆபிரகாமுக்கு நெருக்கமானது.

போகிறவர்கள் வெள்ளி, சனிக்கிழமைகளைத் தவிர்த்துவிடுங்கள், பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். காலையிலேயே போனால் அண்டா காலியாகும் முன் தகியாவையும் பார்த்துவிடலாம்.