டிஸ்க்வேர்ல்ட்ல எது முதல்ல நடந்துச்சு?

டிஸ்க்வேர்ல்ட்ங்கிறது டெர்ரி ப்ராட்செட் எழுதின கற்பனை நாவல் சீரிஸ், தட்டு மாதிரி இருக்குற ஒரு உலகத்துல நடக்குற கதைங்க. அதைப் படிக்கிறவங்க கிட்ட வரிசை பத்தி கேட்டா உடனே ஒரு படத்தை அனுப்பிடுவாங்க. மந்திரவாதிங்க தனி, சூனியக்காரிங்க தனி, ஊர்க்காவல் படை தனி, மரணம் (அதுல அவரும் ஒரு ஆளு) தனின்னு கோடு கோடா போட்டு அம்புக்குறி வச்ச படம். எதுல ஆரம்பிக்கலாம்னு கேக்குறவங்களுக்கு அது போதும். எனக்கு வேண்டியது வேற. கதைக்குள்ள எது முன்னாடி நடந்துச்சு எது பின்னாடி நடந்துச்சு, இந்தக் கோட்டுல ஒருத்தர் அல்லாடிட்டு இருக்கும்போது அந்தக் கோட்டுல இருக்குற ஆளு என்ன பண்ணிட்டு இருந்தார், அதான் தெரியணும். 1983ல வந்த தி கலர் ஆஃப் மேஜிக்ல இருந்து 2015ல வந்த தி ஷெப்பர்ட்ஸ் க்ரௌன் வரைக்கும் 41 நாவல், டெர்ரி ப்ராட்செட் அந்த 2015 மார்ச்லயே போயிட்டார், கடைசி புக் அதுக்கப்புறம்தான் வெளிய வந்துச்சு, அதனால யார்கிட்டயும் போய் கேக்க முடியாது, நாமளே புக்குக்குள்ள தோண்டி எடுக்க வேண்டியதுதான்.

முதல் சிக்கல், அந்த உலகத்துல வருஷத்துக்கு உருப்படியா ஒரு நம்பர் கிடையாது. ஏதாவது மிருகம் பேரை வச்சு வருஷத்தைச் சொல்லுவாங்க, நூற்றாண்டுக்கும் அப்படித்தான், பழந்தின்னி வௌவால் நூற்றாண்டு, அப்புறம் நெத்திலி நூற்றாண்டு. வருஷத்தோட நீளமே குழப்பம். அந்தத் தட்டு உலகம் ஒரு முழுச்சுத்து சுத்த 800 நாள், அதுல ஒவ்வொரு பருவமும் ரெண்டு தடவை வரும். சாதாரண ஜனங்க அதுல பாதியை, அதாவது நாலு பருவம் சேர்ந்த 400 நாளை ஒரு வருஷம்னு வச்சுக்குவாங்க. அப்ப அங்க ஒரு பொண்ணுக்கு 16 வயசுன்னா 6400 நாள், நம்ம கணக்குல பதினேழரை வயசு. இதுக்கெல்லாம் கால்குலேட்டரை எடுக்குற ஆளா நீன்னு கேட்டா, ஆமா.

அதனால தேதி தேடுறதை விட்டுட்டேன். வருஷம் பொறிக்காத கல்வெட்டுக்கு எழுத்தோட வடிவத்தை வச்சு காலம் சொல்லுவாங்க இல்லையா, அந்த மாதிரி, கதை நடக்குற நேரத்துல ஊர்ல என்னென்ன வந்தாச்சு, என்னென்ன இன்னும் வரலன்னு பார்த்தா பாதி வேலை முடிஞ்சிடும். கதைங்க நிறைய நடக்குற ஆங்க்-மோர்போர்க் நகரத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு, ஒரு தடவை வந்த பொருள் திரும்பிப் போகாது. கோபுரத்துக்கு கோபுரம் சிக்னல் காட்டி சேதி அனுப்புற க்ளாக்ஸ், 1999ல வந்த தி ஃபிஃப்த் எலிஃபண்ட்ல ஊர் விட்டு ஊர் போக ஆரம்பிச்சிருக்கு. 2000ல தி ட்ரூத், பத்திரிகை வந்தாச்சு. 2004ல கோயிங் போஸ்டல், செத்துக் கெடந்த தபால் ஆபீஸ் எழுந்து நிக்குது. 2007ல மேக்கிங் மணி, பேங்கும் காகிதப் பணமும். 2013ல ரெய்சிங் ஸ்டீம், ரயிலே வந்துடுச்சு. மான்ஸ்ட்ரஸ் ரெஜிமெண்ட் எங்கயோ தூரத்துல நடக்குற போர்க்கதை, அதை எங்க வைக்கிறதுன்னு முழிக்க வேண்டாம், பத்திரிகைக்காரர் வில்லியம் டி வோர்ட் நோட்டுப் புத்தகத்தோட வந்து நிக்கிறாரு, அப்ப தி ட்ரூத்துக்கு அப்புறம்தான், முடிஞ்சுது.

இன்னொரு நல்ல கருவி குழந்தைங்க. பெரியவங்க வயசை ப்ராட்செட் பூசி மெழுகிடுவார், குழந்தை வயசை மட்டும் தெளிவா சொல்லிடுவார். ஊர்க்காவல் கமாண்டர் சாம் வைம்ஸுக்கு நைட் வாட்ச்ல (2002) மகன் பொறக்கிறான், தட்!ல (2005) அவனுக்கு 14 மாசம், ஸ்னஃப்ல (2011) 6 வயசு. அதே மாதிரி குட்டி சூனியக்காரி டிஃபனி ஏக்கிங், தி வீ ஃப்ரீ மென்ல 9, அடுத்ததுல 11, விண்டர்ஸ்மித்ல 13 ஆகப் போகுது, ஐ ஷல் வேர் மிட்நைட்ல 16 கிட்ட. அந்த நாலு புக்கும் 2003ல இருந்து 2010க்குள்ள வந்துச்சு. புக் வந்த இடைவெளியும் கதைக்குள்ள ஓடுற இடைவெளியும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். 1999க்கு அப்புறம் வந்தவைய வெளியான வரிசையிலயே வச்சுட்டா பெருசா தப்பு வராதுன்னு நான் தைரியமா சொல்றது இதை வச்சுத்தான்.

தலைவலி எல்லாம் பழைய பாதிலதான்.

மோர்ட் வந்தது 1987. அது முடியும்போது மரணத்துகிட்ட வேலை கத்துக்க வந்த மோர்ட்டும் மரணத்தோட வளர்ப்புப் பொண்ணு இசபெல்லும் கல்யாணம் பண்ணிக்கிறாங்க. சோல் மியூசிக் வந்தது 1994, அதுல அவங்க பொண்ணு சூசனுக்கு 16 வயசு. வெளிய 7 வருஷம், உள்ள 16க்கு மேல. சரி, அந்த ஒன்பது வருஷத்தை எங்க செருகுறது? நடுவுல வந்த புக்குகளைப் பார்த்தா யாருக்கும் அவ்வளவு வயசு ஏறின மாதிரியே தெரியாது, மந்திரவாதி ரின்ஸ்விண்ட் அதே பயந்தாங்கொள்ளியா அதே ஓட்டம் ஓடிட்டு இருக்கான்.

இதுக்கு எனக்குப் பிடிச்ச விடை 1988ல வந்த விர்ட் சிஸ்டர்ஸ்ல இருக்கு. லாங்க்ரங்கிற குட்டி ராஜ்யத்தோட ராஜாவைக் கொன்னுட்டு ஒருத்தன் அரியணையில உக்காந்துடுறான், வாரிசு கைக்குழந்தை, அவன் வளர்ந்து வர்ற வரைக்கும் காத்திருக்க முடியாதுன்னு சூனியக்காரி கிரானி வெதர்வாக்ஸ் அந்த ராஜ்யத்தையே தூக்கி 15 வருஷம் முன்னாடி வச்சுடுறா. உள்ள இருக்குறவங்களுக்கு ஒரு ராத்திரி, வெளிய 15 வருஷம் ஓடிடுச்சு. இப்ப மோர்ட்டை இந்த 15க்கு முன்னாடியும் சோல் மியூசிக்கை இதுக்குப் பின்னாடியும் வச்சுப் பாருங்க, சூசன் வயசு கிட்டத்தட்ட அப்படியே உக்காருது. ரின்ஸ்விண்டும் தொந்தரவு இல்ல, மோர்ட்ல அவன் நூலகத்துல உதவியாளா தலைகாட்டுறான், சோர்சரி (1988) கடைசில வேற பரிமாணத்துக்குள்ள போய் மாட்டிக்கிறான், எரிக்ல (1990) தான் வெளிய வர்றான், அந்தப் பரிமாணத்துக்குள்ள அவனுக்கு எவ்வளவு நேரம் ஓடுச்சுன்னு யாரு அளந்தா. கார்ட்ஸ்! கார்ட்ஸ்! (1989) தொடங்கி வைம்ஸ் கதை முழுக்க அந்த 15 வருஷத்துக்கு இந்தப் பக்கம். ப்ராட்செட் இதை யோசிச்சு செஞ்சிருப்பார்னு நான் நம்பல, ஆனா பொருந்துது, எனக்கு அது போதும்.

ப்ராட்செட் எவ்வளவு யோசிச்சார்ங்கிறதுக்கு ஒரு உதாரணம். முதல் புக்ல வர்ற பட்ரிஷன், ஊரை ஆளுறவர், குண்டா இருப்பார், ஜெல்லிமீன் மிட்டாய் சாப்பிடுவார். பிந்தின புக்குகள்ல பட்ரிஷனா வர்ற வெட்டினாரியோ ஒல்லிக்குச்சி, ருசின்னா என்னன்னு தெரியாத மனுஷன். வாசகர்கள் விழுந்து விழுந்து, அது முந்தைய ஆட்சியாளரா இருக்கும், அப்ப கலர் ஆஃப் மேஜிக் பல வருஷம் முன்னாடி நடந்திருக்கணும்னு கணக்கு போட்டாங்க. ப்ராட்செட்டோ, இல்லப்பா அதுவும் வெட்டினாரிதான், அப்ப எனக்கு எழுத வரலன்னு சொல்ற தோரணையில முடிச்சுட்டார். என்ன பண்றது இந்த மாதிரி ஆளை வச்சுக்கிட்டு.

பிறகு 2001ல தீஃப் ஆஃப் டைம் எழுதி மொத்த கேள்வியையும் கதைக்குள்ளயே இழுத்துக்கிட்டார். முன்ன ஒரு தடவை வரலாறே ஒடைஞ்சு போச்சாம், காலத் துறவிங்க துண்டு துண்டா பொறுக்கி ஒட்ட வச்சாங்களாம், சில இடத்துல ஒட்டு சரியா சேரலையாம். அதனாலதான் ஒரே ஊர்ல இப்பதான் நாடகக் கொட்டகை கட்ட ஆரம்பிச்ச காலமும், பெரிய ஆபரா ஹவுஸ் இருக்குற காலமும் பக்கத்துல பக்கத்துல இருக்குன்னு விளக்கம். தப்பிக்கிற வழின்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அப்படித் தோணல, ஏன்னா அடுத்த வருஷம் வந்த நைட் வாட்ச்ல வைம்ஸை 30 வருஷம் பின்னாடி தள்ளிவிடுற இடியும் மின்னலும் இருக்கே, அது தீஃப் ஆஃப் டைம்ல ஒரு கண்ணாடிக் கடிகாரம் அடிக்கும்போது வர்ற அதே புயல். ரெண்டு புக், ரெண்டு கோடு, ஒரே நொடி. மொத்த சீரிஸ்லயும் எனக்கு ஆணி அடிச்ச மாதிரி கிடைச்ச இடம் அது ஒண்ணுதான், மத்த எல்லாத்தையும் அங்கிருந்துதான் முன்னயும் பின்னயும் அளக்குறேன்.

மிச்சம் ரெண்டு புக் பத்தி சொல்லிடுறேன். ஸ்மால் காட்ஸ் (1992), இது மத்த கதைகளுக்கு 100 வருஷம் முன்னாடின்னு பொதுவா சொல்லுவாங்க, ஓம்னிய மதம் அதுல கொடூரமா இருக்கு, பிந்தின புக்குகள்ல வீடு வீடா துண்டறிக்கை குடுக்குற அளவுக்கு சாதுவாயிடுது, அதனால முன்னாடிங்கிறது சரிதான். ஆனா எஃபீப் நாட்டுத் தத்துவ ஞானி ஸீனோ அதுலயும் வர்றார், 1989ல வந்த பிரமிட்ஸ்லயும் வர்றார். 100 வருஷம் ஒரே ஆளு ஆமை பத்தி வாதம் பண்ணிட்டு இருந்தாரா? ஒட்டு சரியா சேராத இடம்னு எழுதி வச்சுட்டு நகர்ந்துட்டேன். படிக்கிறதுக்கு இதைத் தனியா எப்ப வேணா படிக்கலாம், முதல்ல படிச்சாலும் ஒண்ணும் கெடாது.

தி அமேசிங் மோரிஸ் 2001ல வந்த எலிகள், பூனை கதை, எல்லா வரிசையும் அதை 2001லயே வச்சுட்டுப் போயிடும். ஆனா ரீப்பர் மேன்ல, அது 1991, மந்திரவாதிங்க எலித்தொல்லை பத்தி பேசும்போது மோரிஸும் அவனோட படிச்ச எலிகளும்னு பேரே வருது. பத்து வருஷம் முன்னாடியே போற போக்குல விட்ட ஒரு வரி. பூனையும் எலியும் ஊர் ஊரா போய் எலித்தொல்லை வந்த மாதிரி காட்டி காசு கறக்குற அந்த ஏமாத்து வேலையைப் பண்ணிட்டு இருந்தது அப்பதான்னா, கதை ரீப்பர் மேனுக்கு ஒட்டி நடந்திருக்கணும். என் லிஸ்ட்ல அதை அங்கதான் தூக்கி வச்சிருக்கேன், ரீப்பர் மேனுக்கு அடுத்து, விட்சஸ் அப்ராடுக்கு முன்னாடி.