சரிவு பட்டியலில் இல்லை

"தம்பி, கொழுந்து எடுக்கிற சனத்துக்கு இந்த மூட்டு போய்ச் சேருமே?" என்று அண்ணன் கேட்டதில் கிண்டல் எதுவும் இல்லை. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், வெளிநாட்டில் இருந்துகொண்டு, செயற்கை முழங்கால் மூட்டு வடிவமைக்கும் எங்கள் சின்னக் குழுவை நடத்துகிறவர். அன்று பட்டியலை முடித்து மேலே அனுப்ப வேண்டியிருந்தது, அவ்வளவுதான். நானும் தேயிலை மலையகத்து ஹட்டனில் என் அறையில் இருந்தபடி "சரிண்ணே, எடுத்துருவோம்" என்று சொல்லிவிட்டேன். இப்போது யோசித்தாலும் அந்தப் பதில் சரியென்றுதான் படுகிறது, ஆனால் கேள்வி மட்டும் விடமாட்டேன் என்கிறது.

செயற்கை முழங்காலைக் கணினியில் எந்தெந்த அசைவுகளில் ஓட்டிப் பார்ப்பது என்பதுதான் அந்தப் பட்டியல். சமதரை நடை, படி ஏறி இறங்குவது, நாற்காலியிலிருந்து எழுவது, குந்துவது. இவற்றோடு, முதுகில் சுமையுடன் மலைச்சரிவில் இறங்குவதையும் நான் சேர்த்திருந்தேன். அதைத்தான் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

முழங்கால் கதவுக் கீல் மாதிரி மடங்குவதில்லை. மடக்கும்போது உட்பக்கம் ஏறக்குறைய நின்ற இடத்திலேயே சுழல, வெளிப்பக்கத்தில் தொடை எலும்பு பின்னால் உருண்டு போகிறது. காலை முழுதாக நீட்டும் கடைசிக் கட்டத்தில் கீழ்க்கால் எலும்பு கொஞ்சம் வெளியே திரும்பிப் பூட்டிக்கொள்கிறது. பெரும்பாலான மாற்றுச் சத்திரசிகிச்சைகளில் இந்த இரண்டு எலும்புகளையும் உள்ளே பிணைக்கும் முன்பக்கச் சிலுவை நாரை எடுத்துவிடுவார்கள், ஆகவே அந்த நார் செய்த வேலையை தொடை எலும்பின் நுனியில் பொருத்தும் உலோகத்தின் வளைவும் கீழ்க்கால் எலும்பின்மேல் வைக்கும் பொலித்தீன் தட்டின் குழியும்தான் செய்ய வேண்டும். பழைய வடிவங்கள் சிலவற்றை எக்ஸ்ரே வீடியோவில் பார்த்தால், மடக்கும்போது தொடை எலும்பு பின்னால் போவதற்குப் பதில் முன்னால் வழுக்கும். அதனால்தான் உட்பக்கக் குழியை ஆழமாக்கி வெளிப்பக்கத்தைத் தட்டையாக விடும் வடிவங்கள் வந்தன. நாங்கள் செய்வதும் அந்த வகைதான்.

இறங்கும்போது தொடை எலும்பு முன்னால்தான் தள்ளப் பார்க்கிறது. பெர்லினில் சென்சர் பொருத்திய மூட்டுகளை வைத்து அளந்தார்கள்: சமதரையில் நடக்க உடல் எடையைப் போல இரண்டரை மடங்கு சுமை, படி இறங்க ஏறக்குறைய மூன்றரை மடங்கு. ஆனால் தேய்மானச் சோதனைக்கான ஐஎஸ்ஓ 14243 தரம் சமதரை நடையைத்தான் 50 லட்சம் தடவை ஓட்டச் சொல்கிறது. மஸ்கெலியாவில் இருக்கும் என் சின்னம்மாவுக்கு இந்த எண்கள் எதுவும் தெரியாது. "ஏறுறது பரவால்லப்பா, எறங்குறப்பதான் உசுரு போகுது" என்பார்.

"படி இறங்கிறது இருக்குத்தானே, அது காணும்" என்றார் அண்ணன். அதிலும் நியாயம் உண்டு. ஈரமண்ணில், பாதம் முன்சரிந்து, பாரம் பின்னே இழுக்க இறங்கும் நடைக்கு என்னிடம் அளவு இல்லை. கையால் எண்களைப் போட்டிருந்தால் அது சோதனையே இல்லை. அதோடு மூட்டு மாற்றியபின் எந்த டொக்டர் கொழுந்துப் பாரம் தூக்கச் சொல்வார்?

இதைச் சொல்லித்தான் என்னைச் சமாதானப்படுத்திக்கொள்கிறேன். ஆனால் வேலையை விட்டாலும் லயத்து வரிசை வீட்டிலிருந்து பஸ்ஸுக்குப் போக, கோயிலுக்குப் போக, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரைக்குப் போக சரிவில்தானே இறங்க வேண்டும்? நான் பாரத்தை எடுத்துவிட்டுச் சரிவை மட்டும் வைக்கச் சொல்லியிருக்கலாமோ. சொல்லியிருந்தாலும் அண்ணன் கேட்டது அதே கேள்வியாகத்தான் இருந்திருக்கும், ஏனென்றால் அவர் கேட்டது சரிவைப் பற்றியே இல்லை, யார் கையில் காசு இருக்கிறது என்பதைப் பற்றி.

அப்புறம் நடந்ததுதான் எனக்கே விளங்கவில்லை. தட்டின் முன் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தி வரைந்து அனுப்பினேன். விளிம்பு உயர்ந்தால் வழுக்கல் குறையும், ஆனால் அந்த விசை எலும்போடு ஒட்டியிருக்கும் இடத்துக்குப் போகும், நாளடைவில் மூட்டு தளரவும் கூடும். மலையே பார்க்காத ஒருவருடைய காலில் அந்த ஒரு மில்லிமீட்டர் வீண் சுமை.

"இது ஏன்?" என்று கேட்டார்.

"படி எறங்கண்ணே."

"ஓம், இருக்கட்டும்" என்றார். நான் எந்த ஊர் என்று அவருக்குத் தெரியும்.