ப்ராக்ஸிமாவுல மாட்டுன காரைக்குடிக்காரன்

ஏலியன் கடத்திட்டுப் போன கதைன்னாலே எனக்குக் கொட்டாவிதான் வரும். 1961ல அமெரிக்காவுல பெட்டி ஹில், பார்னி ஹில்னு ஒரு புருஷன் பொண்டாட்டி, கனடா போய்ட்டு ராத்திரியில கார்ல திரும்பும்போது எங்களைப் பிடிச்சுட்டுப் போய்ட்டாங்கன்னு சொன்னாங்க, அதுக்கப்புறம் வந்ததுல முக்காவாசி அதே அச்சுதான், மேசையில படுக்க வச்சு பரிசோதனை, முடிஞ்சதும் கொண்டாந்து விட்டுருவாங்க. ஒரு வாய் தண்ணி கூடக் குடுக்கல பாருங்க.

லீவுக்கு அக்கா பசங்க தேவகோட்டைக்கு வந்திருக்குங்க. மத்தியானம் தூங்கவும் மாட்டேங்குதுங்க, அதனால நானே ஒரு ஆளைக் கடத்துனேன். காரைக்குடிக்காரன், ராமேஸ்வரம் போற வழியில தூக்கிட்டுப் போய் ப்ராக்ஸிமா செண்டாரி பி-ல இறக்கிட்டாங்க. நிஜமாவே இருக்குற கிரகம்தான், 2016ல கண்டுபிடிச்சது, சூரியனை விட்டா நமக்கு ரொம்பப் பக்கத்து நட்சத்திரத்தைச் சுத்துது. பக்கம்னா, வெளிச்சமே வந்து சேர 4.2 வருஷம்.

பசங்க வாயைப் பொளந்து கேட்டுச்சுங்க, எங்க பாட்டி, ஆயாதான் விடல. வளவுல உக்காந்து கொட்டான் கூடை முடைஞ்சுக்கிட்டிருந்தாக. ஈரத்துணிக்குள்ளேர்ந்து ஒரு ஓலையை உருவி, குறுக்கால விட்டு, நகத்தால நெருக்கிக்கிட்டே தலை நிமிராம கேக்குறாக, "ஏன்டா, போன புள்ள வீட்டுக்குத் தகவல் சொல்லிச்சா?"

"சொன்னாலும் நாலு வருஷம் கழிச்சுத்தான் ஆயா வந்து சேரும்."

"அந்தக் காலத்துல பர்மாவுக்கு வட்டிக்கடை பாக்கப் போனவுக மூணு வருஷத்துல ஆளே வந்துருவாகளேடா!"

அங்க ஒரு பக்கம் எப்பவும் பகல், மறுபக்கம் எப்பவும் ராத்திரியா இருக்க வாய்ப்பு அதிகம்னு சொல்றாங்க, நிலா நமக்கு ஒரே முகத்தைக் காட்டுற மாதிரி. இதைச் சொன்னதும் ஆயா, "அப்ப வெளக்கு வைக்கிற நேரம்?"னாக. ரெண்டு பக்கமும் சேர்ற எடத்துல எப்பவுமே அந்திதான்னு வச்சுக்கிட்டு, என் ஏலியன்களை அங்கேயே குடிவச்சுட்டேன். வெளிச்சம் மங்கல் சிவப்புங்கறதால செடி இருந்தா கறுப்பாக்கூட இருக்கலாம்னு சில விஞ்ஞானிங்க சொல்றாங்கன்னேன், "கறுப்புக் கவுனி அரிசி வெளையும்"னு சாப்பாட்டுப் பிரச்சனையை ஆயாவே முடிச்சுட்டாக.

எனக்கே மண்டை சுத்துனது வருஷக் கணக்குலதான். அங்க ஒரு வருஷம் நம்ம 11 நாள் சொச்சம். அப்ப அறுபது வருஷம் நமக்கு ரெண்டு வருஷத்துக்குள்ள முடிஞ்சுரும், தொட்டில்ல கெடக்குற புள்ளைக்கு அறுபதாங் கல்யாணம். பெரியவன் சிரிச்சு சிரிச்சு உருண்டான். ஆயா சிரிக்கல, சமையக்காரருக்கு யாரு பணம் குடுக்கறதுன்னு கேட்டாக.

சரி, ஆளைத் திருப்பிக் கொண்டாறலாம்னா, 1977ல கெளம்புன வாயேஜர் 1 விண்கலம் போற வேகத்துல வந்தா 70,000 வருஷத்துக்கு மேல ஆகும். அதான் சின்னவன், அங்கேயே ஒரு ஏலியன் பொண்ணைக் கட்டி வச்சிருங்கன்னுட்டான். நானும் சரின்னு பொண்ணு பாக்குற சீன் ஆரம்பிச்சேன். ஏலியன்கள் மொதல்ல என்ன கேப்பாங்கங்கறதுல ஆயாவுக்கு சந்தேகமே இல்ல, "எந்த ஊரு, எந்தக் கோயிலு?"தான். நகரத்தார்ல எந்தக் கோயில்னு கேட்டா எந்த வகையறான்னு அர்த்தம். இவன் நேமங்கோயில்னு சொல்லிட்டான். பொண்ணோட அப்பனும் நாங்களும் நேமந்தான்னு நான் ஒரு ஜோருக்கு சொல்லித் தொலைச்சேன், அவ்ளோதான், ஒரே கோயிலு, பங்காளி ஆய்ட்டாக, கல்யாணம் கேன்சல். சின்னவன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டான். இப்ப மாத்தூர் கோயில் ஏலியன் வீடு எதாச்சும் இருக்கான்னு தேடிட்டிருக்கோம்.